மில்லுக்கு மேலே ஒரு குடித்தனம்

வக்கீல் வந்து கதவைத் தட்டியபோது பல்லக்கா ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரின் கீழ்த்தாடையை இடது கையில் பிடித்துக்கொண்டு அதன் கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதற வேண்டாம், தபால்காரர் முழுசாக அவர் வீட்டில்தான் இருந்தார்; இது அவருக்காக அவள் செய்த பல்செட். கடைவாய்ப் பல் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் மனுஷன் சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்வான், கடித்த எரிச்சலில் பெண்டாட்டியைத் திட்டுவான், அவள் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவாள்; ஆக, உலகத்தில் பாதிக் குடும்பங்கள் அரத்தின் இரண்டு இழுப்பில்தான் தொங்குகின்றன என்பது பல்லக்காவின் தொழில் சித்தாந்தம். வீட்டின் பின்பக்க அறைதான் பட்டறை. சுவர் முழுக்கப் பலகை அடித்து, பிளாஸ்டர் தாடைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதி வைத்திருந்தாள். அந்த ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். மீதிப் பாதிக்கு இன்னும் சொந்தப் பல் இருந்தது, அவர்கள் முறை வரும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ்க்காரர்கள் பல்லைச் சேர்த்துப் பல்லக்கா ஆக்கிவிட்டார்கள். "பல்லக்குன்னா ஏறி உக்காரலாமாக்கா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொள்ளாத ஆள் இதுவரை பிறக்கவில்லை.

வக்கீலுக்கு அவள் மகளைவிட வயது குறைவு. ஒரு பெரிய கறுப்புக் கோட்டைத் தைத்து முடித்த பிறகு உள்ளே ஆள் இல்லையே என்று அவசரமாக ஒருவனைப் பிடித்துப் போட்டது போல இருப்பான். வந்தவன் நாற்காலியில் உட்காரப் போய், அதில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மேல்தாடையைப் பார்த்துத் துள்ளி நின்றான்.

"உக்காரு தம்பி, கடிக்காது."

அவன் நின்றுகொண்டே பேசினான். "நாளைக்கு நீதிபதி அம்மா ஒரே ஒரு கேள்விதாம்மா கேப்பாங்க. கல்யாணம் ஆனதும் நீங்க ரெண்டு பேரும் முதல்ல எந்த நாட்டுல வாழ்ந்தீங்க? அவ்வளவுதான். அந்த நாட்டுச் சட்டம்தான் உங்க சொத்துக்கெல்லாம்."

"முதல்ல அங்கதானே தம்பி. மாவு மில்லுக்கு மேல."

"ஐயையோ!" வக்கீல் காதைப் பொத்திக்கொண்டான். "அதை மட்டும் சொல்லிடாதீங்க!"

விஷயம் இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அண்ணன் இரண்டு பேரிடமும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அந்த அண்ணன் தன் நிழல் பின்னால் வந்தாலும் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறவர். அவரவர் பெயரில் வருவது அவரவருக்கு, பிரிந்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கில்லை, இதுதான் ஒப்பந்தம். பல்லக்கா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு மாப்பிள்ளையின் சொத்து ஒரு சைக்கிள், அவளுடையது ஒரு தகரப் பெட்டி. சைக்கிளில் அவளுக்குப் பங்கு வேண்டாம், அதில் பிரேக்கே கிடையாது. பிறகு இந்த நாட்டுக்கு வந்தார்கள், வேலை பார்த்தார்கள், வீடு வாங்கினார்கள். வீட்டுக்குள் இரண்டு பேர் உழைப்பும் போயிற்று, பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் போயிற்று. இப்போது பிரிகிறார்கள். அந்த நாட்டில் ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்: வீடு முழுக்க அவருக்கு. இந்த நாட்டிலோ, இங்கே பதியாத ஒப்பந்தம் பழைய காலண்டர் மாதிரி: கல்யாணத்துக்குப் பின் சேர்ந்ததெல்லாம் சரிபாதி. எந்த நாட்டுச் சட்டம் என்று அண்ணன் அதில் ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அத்தனையையும் யோசித்தவர், தம்பி வேறு நாட்டுக்குப் போவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"அங்க நீங்க வாழலைம்மா. தங்கினீங்க."

"எப்படி, ஆஸ்பத்திரியில தங்குற மாதிரியா?"

"ரயில்வே ஸ்டேஷன்ல தங்குற மாதிரி. விசாவுக்கு எழுதிப் போட்டாச்சு, வந்ததும் கிளம்பணும், அதுவரைக்கும் ஒரு எடம் வேணும்ல? அதுக்குப் பேரு வாழ்க்கை இல்ல, வெயிட்டிங் ரூம். வாழ்ந்ததெல்லாம் இங்க. புரியுதா? வாயத் தவறிக்கூட 'வாழ்ந்தோம்'ங்கிற வார்த்தை வரக்கூடாது."

"சரி. எங்க வீட்டுக்காரர் என்ன சொல்லப் போறாராம்?"

வக்கீலுக்கு உயிர் போய் வந்தது. "இதையும் சொல்லாதீங்க! 'வீட்டுக்காரர்'னு நீங்க சொல்ல, மொழிபெயர்க்கிற பொண்ணு அப்படியே எடுத்துச் சொன்னா, வீடு அவருதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

பல்லக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தபால்காரரின் தாடையும் அவள் கையில் சேர்ந்து சிரித்தது. வக்கீல் போன பிறகுதான் அரத்தை எடுத்தாள், எடுத்ததும் கீழே வைத்துவிட்டாள்.

ரயில்வே ஸ்டேஷனாம். அந்த அறையில் ஒரு ஆள் கொட்டாவி விட்டால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு விசாலம். கீழே மாவு மில் ஓட ஆரம்பித்தால் தரை நடுங்கும், கட்டில் நகரும். ராத்திரி ஒரு சுவரோரம் படுத்தால் காலையில் எதிர்ச் சுவரோரம் எழுந்திருக்கலாம், பயணச் செலவு மிச்சம். பலகையில் வைத்த டம்ளர் தானாக நடந்துபோய் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். மாவு ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படியும். கல்யாணமாகி ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கும் தலை நரைத்து, சாயங்காலம் குளித்ததும் மறுபடி இளமை திரும்பும். எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். உப்பு எங்கே என்பதும் கத்தல், தலை வலிக்கிறதா என்பதும் கத்தல். தொண்டை கிழியக் கத்திக் கொஞ்சிய தம்பதி உலக சரித்திரத்திலேயே அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விசா வந்தது.

இந்த வீடு அமைதியான வீடு. பார்க்க வந்த அன்றே தரகர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்: ஜன்னலெல்லாம் இரட்டைக் கண்ணாடி, வெளிச் சத்தம் துளி வராது. வெளிச் சத்தம் வரவில்லை. உள்ளே கத்த வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. முதலில் மெதுவாகப் பேசினார்கள், பிறகு தேவைக்குப் பேசினார்கள். பிறகு தேவை எல்லாம் இரண்டு பேருக்கும் மனப்பாடமாகிவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் லிஃப்ட் குழிகளில் இறங்கி, கம்பிக்கயிறு போகும் சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பெயர். அவரை லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவரும் லிஃப்ட் போலவே வந்து நின்றார், கதவைத் திறந்தார், மூடினார், போனார். சமையலறையில் அவர்கள் இரண்டு பேரும் இருக்கும்போது அதிகம் பேசியது கெட்டில்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில், ஒரு நாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் அண்ணன்கிட்டயே போயிடலாம்னு பாக்குறேன். வீட்டை வித்துட்டு. நீயும் வர்றதுன்னா வா."

பல வருஷங்களில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதில் 'வா' என்ற சொல் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு 'வர்றதுன்னா' உட்கார்ந்திருந்தது. அது மட்டும் இல்லாமலிருந்தால் பல்லக்கா தாடைகளை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாளோ என்னவோ.

"இத்தனை பேரோட வாய் என்கிட்ட இருக்கு. எப்படி வர்றது?" என்றாள்.

"அப்ப சரி."

இந்த 'அப்ப சரி'யோடு கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வக்கீல்கள் பாடு. தொலைதூரத்திலிருந்த மகள் போனில் அழுதாள், அப்புறம் திட்டினாள். "இந்த வயசுல ரெண்டு பேரும் பண்ற வேலையா இது? எந்த ஊர்ச் சட்டத்தையாவது பாத்துச் சட்டுனு சேந்துக்கங்க!" சேர்ந்துகொள்வதற்கு எந்த ஊரிலும் சட்டம் இல்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். எதிரிகள் தனித்தனியாகப் போக வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் அந்தத் தெருவுக்கு வேறு பஸ் கிடையாது. அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் கடைசி வரிசையில். இறங்குமிடத்தைத் தவறவிடுவதில் பல்லக்கா உலக சாம்பியன். அன்றைக்கும் வெளியே வாய் பிளந்து நின்ற ஒருவரின் முன்பற்களைப் பார்த்துக்கொண்டே தவறவிட இருந்தாள். பின்னாலிருந்து மணி அடித்தது. அடித்தவர் யார் என்று திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

கோர்ட் அறை, கோர்ட் மாதிரியே இல்லை. கூண்டு இல்லை, சுத்தியல் இல்லை. நீள மேஜை, தண்ணீர்க் குடுவை, ஜலதோஷம் பிடித்த ஒரு நீதிபதி அம்மாள். அவருடைய முன்பல் ஒன்று செய்த பல், நிறம் ஒரு படி வெளுப்பு, யாருடைய வேலையோ என்று பல்லக்கா முகம் சுளித்தாள். இந்த நாட்டு மொழியில் அவளால் சந்தையில் சண்டை போட முடியும், கோர்ட்டில் முடியாது. பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண் உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்தாள்.

பல்லக்காவைத்தான் முதலில் கேட்டார்கள். சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் சொன்னாள். "அங்க கொஞ்ச நாள் தங்கினோம். விசாவுக்குக் காத்திருந்தோம். ரயில்வே ஸ்டேஷன்ல தங்குற மாதிரிதான். வாழ்ந்தது இங்க." 'இவரு' என்றாள், தவறிக்கூட 'வீட்டுக்காரர்' என்று சொல்லவில்லை. வக்கீல் கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பெருமையாகப் பார்த்தான். அவளுக்கு மட்டும் வாய்க்குள் ஏதோ அளவு தப்பிய செட்டை மாட்டிக்கொண்டது போல இருந்தது. நாக்கால் துழாவிப் பார்த்தாள். எல்லாம் அவள் சொந்தப் பல்தான்.

அடுத்து லிஃப்ட்காரர் எழுந்தார். அவருடைய வக்கீல், நரைத்த அம்மாள், "அந்த அறையைப் பத்திச் சொல்லுங்க" என்றார். பல்லக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் 'மில்' என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. மறந்தே போய்விட்டார் என்று என்றோ முடிவு கட்டி, அழவேண்டியதை அழுதும் முடித்திருந்தாள். இவர் என்ன சொல்லிவிடப் போகிறார்? ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல்.

"அந்த ரூம்ல கட்டில் நகரும்ங்க" என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர்.

மொழிபெயர்க்கும் பெண் பேனாவை நிறுத்தி, "நகருமா?" என்று கேட்டாள்.

"நகரும். கீழ மெஷின் ஓடுதுல்ல. நான் காலுக்கு அடியில தேய்ஞ்ச டயரை வெட்டி வெச்சேன். அப்பவும் நகந்துச்சு. அப்புறம் விட்டுட்டோம், போற எடத்துக்குப் போகட்டும்னு. இவ பலகையில டம்ளருக்கு வேலி கட்டினா, நூலு வெச்சு. மாவு வரக்கூடாதுன்னு ஜன்னல்ல ஈரத் துணி கட்டினா. அது காஞ்சு ரொட்டி மாதிரி ஆயிடும், தட்டினா சத்தம் வரும்." அவர் யாரையும் பார்க்காமல் மேஜையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னார். தேர்வில் ஒப்பிக்கிற பையனைப் போல நிமிர்ந்து நின்றார், ஆனால் குரல் ஒப்பிக்கிற குரல் இல்லை. சொல்லச் சொல்லித்தான் சொல்கிறார் என்று பல்லக்காவுக்குத் தெரியும். வீட்டுக்காகத்தான் சொல்கிறார். ஆனால் டம்ளருக்கு நூல் கட்டியதை எந்த வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? இதை ஒரே ஒரு சாயங்காலம், அந்த இரட்டைக் கண்ணாடி வீட்டில், கெட்டில் கொதிக்கும் நேரத்தில் சொல்லியிருந்தால் போதாதா? கேட்கிற காது அங்கேயேதானே இருந்தது?

"மெஷின் ஓடுறப்ப எதுவும் காதுல விழாது. கத்தித்தான் பேசணும். ஒரு நாள் நான் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிச்சுக்கிட்டிருந்தேன். இவ ஜன்னல்கிட்ட நிக்கிறா. 'உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு'ன்னு கத்தினேன். அந்த நேரம் பாத்துக் கரண்ட் போயி மெஷின் நின்னுடுச்சு. கீழ மாவு அரைக்க நின்ன அத்தனை பேருக்கும் கேட்டுடுச்சு. மில்காரர் கையத் தட்டுனாரு."

"பொய்!"

சொன்னது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பல்லக்காவும் பார்த்தாள், பார்த்தால் அவளே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எதைப் பொறுத்தாலும், புருஷன் ஒரு கதையை நாலு பேர் முன்னால் தப்பாகச் சொன்னால் அதைப் பொறுப்பதற்கு அவளுக்கு உடம்பில் தெம்பில்லை.

"கத்தினது நானு! இவரு பம்ப் அடிக்கிறாரு, நான் கத்துறேன். 'என்னது, கேக்கல'ங்கிறாரு. மறுபடியும் கத்துறேன். ரெண்டாவது தடவைதான் கரண்ட் போச்சு. இவரு வெக்கப்பட்டு ஸ்டவ்வுக்குப் பின்னாடி குந்திக்கிட்டாரு. கீழ போய்த் தண்ணி எடுக்க ஒரு வாரம் நான் முக்காடு போட்டுக்கிட்டுப் போனேன். எல்லாத்தையும் தானே செஞ்ச மாதிரி சொல்றாரு பாருங்க!"

"நீயா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நானேதான்."

"நான் இல்ல?"

"நீங்க எப்பங்க கத்தியிருக்கீங்க?"

அவர் யோசித்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. "நான் சொன்னேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "இத்தனை நாளா. சொல்லிட்டோமேன்னு இருந்தேன்."

பல்லக்காவுக்கு உட்காரத் தோன்றவில்லை. நிற்கவும் தோன்றவில்லை.

நீதிபதி அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அங்கே என்ன பேசப்படுகிறது என்று கேட்டார். மொழிபெயர்க்கும் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: கட்டில், டம்ளர், கத்தியது யார் என்ற தகராறு. நீதிபதி ஏதோ கேட்டார். அந்தப் பெண் பல்லக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க முதல்ல 'தங்கினோம்'னு சொன்னீங்க. இப்ப கேட்டா அப்படித் தெரியலையாம். அந்த ரூம்ல நீங்க ரெண்டு பேரும் எப்படின்னு மறுபடியும் கேக்குறாங்க."

"இருந்தோம்" என்றாள் பல்லக்கா.

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இருந்தோம்னா எப்படிம்மா சொல்றது? இவங்க பாஷையில ஏதாவது ஒண்ணைத்தான் சொல்ல முடியும். தங்கினதா, வாழ்ந்ததா?"

வக்கீல் தம்பி பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். 'தங்கினோம்' என்றால் வீட்டில் பாதி அவளுடையது, பின்கட்டு அறை இருக்கும், வெளிச்சம் இடது பக்கமாக விழும் ஜன்னலும் மேஜையும் இருக்கும், பலகை நிறைய அத்தனை வாய்களும் வாய் மூடாமல் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் அவற்றை எந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போவாள், அறுபது வயதில், மெருகு போடும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஒரு சொல்தான். காலையில் ஏற்கெனவே சொன்ன சொல்தான், மறுபடி சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். எதிரே லிஃப்ட்காரர் இன்னும் உட்காராமல், தன் கைகளை யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பொருள் போல முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. எவ்வளவு குளித்தாலும் இனி அது போகப் போவதில்லை.

"வாழ்ந்தோம்" என்றாள். அந்தச் சின்ன அறைக்குத் தேவையானதைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அந்தப் பெண் அதைச் சொல்ல, நீதிபதி எழுதிக்கொள்ள, தீர்ப்பு இன்னொரு நாளைக்கு என்றார்கள். நரைத்த வக்கீலம்மாள் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையைக் கொடுத்தவர், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டவர் போல நின்றார். வக்கீல் தம்பி, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டான். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் பல்லக்கா. இல்லை என்று தலையாட்டினான். "சரி போ" என்றாள்.

வாசல் மேஜையில், காலையில் சோதனைக்காக வாங்கி வைத்த சாமான்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குடும்பப் பெயர், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். காவலாளி எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு வைத்திருந்தார். இரண்டு போன், ஒரு சீப்பு, ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சாவிக்கொத்து. வாசல் சாவி, பின்கதவுச் சாவி, தபால்பெட்டிச் சாவி. இரண்டிலும் அதே மூன்று, ஒரே நாளில் ஒரே கடையில் வெட்டியவை, ஒரே அளவு தேய்ந்தவை. போன்களை எடுத்துக்கொண்டார்கள். சீப்பை அவர் எடுத்தார், கண்ணாடியை அவள்.

"இதுல எது உன்னோடது?" என்றார்.

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், பிறகு மற்றதை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. யாரோ செருமினார்கள். காவலாளி இரண்டு விரலால் மேஜையைத் தட்டினார். அவள் இரண்டையும் மறுபடி தட்டில் வைத்தாள், அவர் குனிந்து பார்த்தார், அவளும் குனிந்தாள். தட்டின் மேல் இரண்டு நரைத்த தலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் தூரத்தில், எந்தக் கையும் நீளாமல், நின்றன.